பிசிக்ஸ் சேரப் போகிறீர்களா? முதலில் டார்க் ரூமைப் பாருங்கள்!

ஒரு கல்லூரியின் இயற்பியல் துறை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதன் வெப்சைட்டை மூடி வையுங்கள். வாசலில் கட்டியிருக்கும் 'நாக்' தரச்சான்று ஃபிளெக்ஸையும் கண்டுகொள்ளாதீர்கள். நேரே மாடியேறிப் போய், இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் மூலையில் கறுப்புத் திரை தொங்கும் டார்க் ரூமுக்குள் நில்லுங்கள்.

உள்ளே எத்தனை ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது? சோடியம் விளக்கைப் போடச் சொல்லுங்கள். முதலில் இளஞ்சிவப்பாக மினுக்கி, சில நிமிடத்தில் நல்ல மஞ்சளுக்கு வர வேண்டும். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் குறுக்குக் கம்பி அறுந்து போகாமல் தெரிகிறதா? வெர்னியர் அளவுகோலின் கோடுகள் கைபட்டு மங்கியிருக்கின்றனவா, வாங்கிய நாளிலிருந்து எவரும் தொடாத பளபளப்பில் இருக்கின்றனவா? மங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள். மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் கொண்ட கிரேட்டிங் ஒன்றை மேசையில் பொருத்தி, தொலைநோக்கியை 45 டிகிரி வாக்கில் திருப்பினால் இரண்டாம் வரிசை நிறமாலை வரும். அதில் அந்த ஒற்றை மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்று 589.0 நானோமீட்டர், இன்னொன்று 589.6. பிளவு மெல்லியதாக, லென்ஸ் சுத்தமாக, கருவி சரியாகச் சமன் செய்யப்பட்டிருந்தால்தான் இது கண்ணுக்குச் சிக்கும். அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், "தம்பி, நீ இதைப் பார்த்திருக்கியா?" என்று கேளுங்கள். அவர் முகம் சொல்லும் பதிலை எந்த ரேங்க் பட்டியலும் சொல்லாது.

ஏன் இந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்று தோன்றலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் இதே போன்ற ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எந்த பி.எஸ்சி. மாணவரும் முதல் வருடத்தில் செய்கிற பரிசோதனைதான். ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரேபோல விழாமல் ஏறுமாறாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. அதைத் தொடர்ந்து போய் எழுதிய கட்டுரையை 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலாசஃபிகல் மேகஸின்' வெளியிட்டது. அப்போது அவருக்கு 18 வயது. பெயர் சி.வி.ராமன்.

ராமன் மேதை, அது வேறு விஷயம். ஆனால், கருவி வேலை செய்யும் நிலையில் இருந்தது. துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் ஜோன்ஸ் அவரை அவர் போக்கில் விட்டிருந்தார். ஒரு கருவிக்கு எட்டுப் பேர் சுற்றி நின்று, ஒருவர் அளவெடுக்க மற்ற ஏழு பேர் காப்பியடிக்கும் கூடமாக இருந்திருந்தால் ராமன் கண்ணிலும் அது பட்டிருக்காது. ரெக்கார்டு நோட்டில் வகுப்பு முழுவதற்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.79 என்றே வந்திருக்கும் கல்லூரியைக் கண்டால் ஓடி வந்துவிடுங்கள். விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் நிரப்புகிற கலை நம் ஆய்வுக்கூடங்களில் தழைத்து வளர்ந்திருக்கிறது. பிழையோடு வந்த 9.4-ஐ அப்படியே எழுதி, ஏன் அப்படி வந்தது என்று நாலு வரி விளக்கம் எழுதிய நோட்டில் கையெழுத்துப் போடுகிற ஆசிரியர் இருக்கும் இடமே நமக்கு வேண்டிய இடம்.

வரிசை இல்லாத மேசை

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நடப்பதுதான். பிசிக்ஸ் எடுக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஏன்... இன்ஜினீயரிங் சீட் கிடைக்கலையா?" என்று கேட்க எல்லா வீட்டிலும் ஒரு மாமா இருக்கிறார். மருத்துவம் கிடைக்காதவர்கள், பொறியியலுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி வேண்டும் என்பவர்கள் கடைசியாக வந்து ஒதுங்கும் திண்ணை என்றே இயற்பியல் பலருக்குத் தெரியும்.

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் சேர்க்கை நாளன்று போய்ப் பாருங்கள். பி.காம்., பி.சி.ஏ. மேசைகளின் முன்னால் வரிசை வராண்டாவைத் தாண்டி நிற்கும். இயற்பியல் மேசையில் பேராசிரியர் நாளிதழ் புரட்டிக்கொண்டிருப்பார். சேர ஆளில்லாமல் சில சுயநிதிக் கல்லூரிகள் இந்தப் பிரிவை மூடியே விட்டன. கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், இயற்பியலை ஆசைப்பட்டுத் தேடி வருகிற பிள்ளைக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பி.காமுக்கு எட்டாத மதிப்பெண் கேட்கிற நூற்றாண்டுப் பழைமையான கல்லூரிகளில்கூட இயற்பியலுக்கு அவ்வளவு போட்டி கிடையாது. அதாவது, கல்லூரி உங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் போய், கல்லூரியை நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலம் வந்திருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

ஒன்றை உடைத்தே சொல்லிவிடலாம். பி.எஸ்சி. பிசிக்ஸ் அரைப் படிப்பு. அதை மட்டும் முடித்துவிட்டு இயற்பியல் சார்ந்த வேலைக்குப் போவது அரிது. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., ஐ.டி. நிறுவனம் என்று போகலாம்; அதற்கு எந்தப் பட்டமும் போதும். இயற்பியலோடு வாழ வேண்டுமானால் குறைந்தது முதுநிலை வரை போக வேண்டும், ஆராய்ச்சிக்கு அதற்கும் மேலே. ஆகவே 17 வயதில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தக் கல்லூரிக்குப் பேர் அதிகம்?" என்பதாக இருக்க முடியாது. "இங்கே சேர்ந்தால் 20 வயதில் நான் எந்த வாசலில் நிற்பேன்?" என்று கேளுங்கள்.

அந்த வாசல்களில் பெரியது 'ஜாம்'. ஐ.ஐ.டி.க்கள் நடத்துகிற முதுநிலை நுழைவுத் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் போகலாம். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் போக 'ஜெஸ்ட்' என்று இன்னொரு தேர்வு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனித் தேர்வு வைக்கிறது. இவற்றின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இயக்கவியல், ஒளியியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல் என்று நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கிற அதே தலைப்புகள்தான். பிறகு ஏன் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள்?

கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது விஷயம். சேரப் போகும் கல்லூரியின் பழைய செமஸ்டர் வினாத்தாள் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் வாங்குங்கள். கல்லூரிக்கு எதிரிலேயே கிடைக்கும். 'நியூட்டன் வளையங்கள் உருவாகும் விதத்தைப் படத்துடன் விவரி' என்று இருக்கிறதா? பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தால் முடிந்தது. 'லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வளையம் பெரிதாகுமா, சிறிதாகுமா, எவ்வளவு?' என்று இருக்கிறதா? 5 மி.மீ. விட்டமுள்ள வளையம் ஏறக்குறைய 4.3 மி.மீ. ஆகச் சுருங்கும். தண்ணீருக்குள் ஒளியின் அலைநீளம் குறைகிறது. விட்டம் அலைநீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு வரிக் கணக்கு, ஆனால் புரிந்தவரால் மட்டுமே போட முடியும். வினாத்தாள் முழுக்க 'விவரி', 'வருவி', 'குறிப்பு வரைக' என்றே நிரம்பியிருந்தால், மூன்று வருடமும் அங்கே மனப்பாடம்தான் நடக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு வாத்தியாரையும் பாருங்கள்

இயற்பியலில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கணிதத்தில். நம் கல்லூரிகளில் கணிதம் 'அலைடு' பாடம். இயற்பியல் மாணவர்களுக்கு அலைடு எடுக்க அனுப்பப்படுகிறவர் கணிதத் துறையில் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர், வேறு வகுப்பு இல்லாதவர் என்று ஒருவர் தலையில் கட்டப்படும் வகுப்பாக அது இருக்கும் கல்லூரிகள் உண்டு. வெக்டர் கால்குலஸ் சரியாகக் கைவராமல் மின்காந்தவியல் புரியாது. வகைக்கெழுச் சமன்பாடும் நேரியல் இயற்கணிதமும் தெரியாமல் குவாண்டம் இயக்கவியலில் நுழைந்தால் அது ஏதோ மந்திரம் போல இருக்கும். இவற்றை முதல் வருடமே சொல்லித்தராமல், 'மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ்' என்ற பெயரில் கடைசி வருடத்துக்குத் தள்ளி வைக்கும் பாடத்திட்டத்தை, என்னைக் கேட்டால், தலைகீழ் என்பேன்.

வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர் இந்த உண்மையைத் தானாகவே கண்டுகொண்டவர். அவருக்கு ஆசை கணித ஆனர்ஸில். ஐ.சி.எஸ். தேர்வை மனத்தில் வைத்து அப்பா இயற்பியலில் சேரச் சொன்னார். மாநிலக் கல்லூரியில் பதிவேட்டில் இயற்பியல் மாணவராக இருந்துகொண்டே கணிதத் துறை வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். ஆசிரியர்கள் தடுக்கவில்லை. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது இந்த மாணவர் அவரைப் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார். 'நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது' என்கிற மாதிரியான பதில் வந்தது. கூடவே, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் புரூஃபையும் கொடுத்துவிட்டுப் போனார் சோமர்ஃபெல்ட். அதைப் பிடித்துக்கொண்டு படித்து, சில மாதங்களில் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. கணிதம் கையில் இல்லாத மாணவருக்கு அந்தப் புரூஃப் வெறும் காகிதம்தான்.

இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிற நகரத்தில், அவரைப் போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் அந்தக் கல்லூரி இருந்தது. சேரப் போகும் துறைக்கு வெளியாட்கள் வந்து பேசுகிறார்களா, மாணவர்களைக் காவலூர் வானாய்வகத்துக்கும் 1899-ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கும் கல்பாக்கத்துக்கும் கூட்டிப் போகிறார்களா என்று கேளுங்கள். 'ஐ.வி.' (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று சொல்லிக் கிளம்பி ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்புகிற துறைகளும் இருக்கின்றன. மாணவர்களுக்கு அதுவும் வேண்டியதுதான், ஆனால் ஆய்வகத்தின் கேட் வரைக்குமாவது போயிருக்கலாம்.

ஐந்து வருட வாசல்

இனி, பிளஸ் டூவிலேயே "எனக்கு அறிவியல்தான்" என்று உறுதியாக இருக்கிற பிள்ளைகளுக்கு. அரைப் படிப்பு என்ற பிரச்னையே இல்லாத இடங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் ஐசர் நிறுவனங்கள் ஏழு. 2006-ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி என்று வளர்ந்து 2016-ல் ஒடிசாவின் பெர்ஹாம்பூர் வரை வந்திருக்கின்றன. ஏழிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள். பி.எஸ்.-எம்.எஸ். என்ற ஐந்தாண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு முழுக்க ஆராய்ச்சி. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பெண் பிள்ளையை எப்படி வெளியூர் அனுப்புவது என்று தயங்கும் பெற்றோர் இந்த இரண்டு வளாகங்களையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இதற்கான நுழைவுத் தேர்வு ஐ.ஏ.டி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 240. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. உயிரியலின் 60 மதிப்பெண் அப்படியே கையை விட்டுப் போகும். மற்ற மூன்றிலும் வலுவாக இருந்து இடம் பிடிக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு உயிரியலையும் பதினோராம் வகுப்பின் எளிய பாடங்களையும் புரட்டினால் நாலைந்து கேள்வியாவது தேறும். இதே தேர்வின் மதிப்பெண்ணை வைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தன் நான்காண்டு பி.எஸ். படிப்புக்கு மாணவர்களை எடுக்கிறது. அந்தப் படிப்பு 2011-ல் தொடங்கியது. அங்கே இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை.

புவனேஸ்வரத்தின் நைசர், மும்பையின் அடிப்படை அறிவியல் மையம் இரண்டும் அணுசக்தித் துறையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் 'நெஸ்ட்' தேர்வு. இதில் சிறந்த மூன்று பாடங்களின் மதிப்பெண்தான் தரவரிசைக்கு எடுக்கப்படும் என்பதால் உயிரியல் படிக்காதவர் பயப்பட வேண்டியதில்லை. ஐ.ஏ.டி. எழுதும் பிள்ளை இதையும் எழுதாமல் விடுவது, பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு வண்டி ஏறாமல் திரும்புவதற்குச் சமம்.

சேர்வதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஐசர்களில் சேர்ந்த அன்றே இயற்பியல் மாணவர் ஆகிவிட மாட்டீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா அறிவியலும் கலந்து வரும், பிறகுதான் பிரிவு. செல் பிரிதலும் கரிம வேதியியலும் பிடிக்கவே பிடிக்காது என்பவருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதேசமயம், இயற்பியல் என்று நினைத்துச் சேர்ந்து உயிரி இயற்பியலில் போய் நிற்பவர்களும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

கணிதமும் இயற்பியலும் மட்டும் போதும் என்பவருக்கு நம் ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட்டில், ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே சென்னை கணிதவியல் கழகம். ஷேர் ஆட்டோவில் அதைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகும் பலருக்கு அது என்ன இடம் என்று தெரியாது. மூன்றாண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், கணிதமும் இயற்பியலும் சேர்ந்தது. நுழைவுத் தேர்வு முழுக்கக் கணிதம். அதுவும் நிரூபணம் எழுதச் சொல்லும் கணிதம். கோச்சிங் சென்டர் பயிற்சி இங்கே பெரிதாக உதவாது. வகுப்பு சிறியது, பாடம் கடினம். கோட்பாட்டு இயற்பியலில் மனம் உள்ளவருக்கு இந்தியாவில் இதைவிட நல்ல தொடக்கம் சில இடங்களில்தான் கிடைக்கும். பரிசோதனையில் ஆசை உள்ளவர் ஐசர், நைசர் பக்கம் போவதே நல்லது.

ஐ.ஐ.டி.க்களில் 'இன்ஜினீயரிங் பிசிக்ஸ்' இருக்கிறது, திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் நிறுவனத்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்.எஸ்சி., அதற்கு 'க்யூட்' தேர்வு. டெல்லியின் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கும் இப்போது க்யூட்தான்.

சொந்த ஊர்க் கல்லூரி

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் தேர்வு எழுதித் தோற்றாலும், எழுதவே வாய்ப்பில்லாமல் போனாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளை லேசாக நினைக்க வேண்டாம். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல் படித்தவர், புரதங்களின் அமைப்பை ஆராய்கிற எவரும் இன்றும் பயன்படுத்தும் வரைபடத்தைத் தந்த ஜி.என்.ராமச்சந்திரன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர், ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்வைச் செய்த வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். பழைய பெருமை பேசியே இன்றைய துறையை எடை போட முடியாதுதான். ஆனால் நூலகமும் ஆய்வுக்கூடமும் ஒரே நாளில் முளைப்பதில்லை. பழைய கல்லூரிகளில் அவை இருக்கின்றன.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் அந்தக் கல்லூரியே தயாரிப்பது. 1978-ல் லயோலா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி போன்ற சிலவற்றில் தொடங்கியது இது. நல்ல துறையின் கையில் தன்னாட்சி ஒரு வரம். சோம்பலான துறை அதே அதிகாரத்தை வைத்துப் பாடத்தைச் சுருக்கி மதிப்பெண்ணைப் பெருக்கிக்கொள்ளும். வினாத்தாளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இன்னொரு சூட்சுமம். ஒரே கல்லூரி, ஒரே பெயர், ஆனால் இரண்டு ஷிஃப்ட். ஒன்று எய்டட், இன்னொன்று செல்ஃப் ஃபைனான்ஸ். ஆசிரியர்கள் வேறு, கட்டணம் வேறு, சில இடங்களில் ஆய்வுக்கூட நேரமும் வேறு. வெளியில் சொல்லும்போது எல்லாம் ஒன்றுதான். இடம் கிடைத்தது என்று குதிப்பதற்கு முன் எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள். அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, ஆசிரியர்கள் தகுதியானவர்கள். ஆனால் நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறைகள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களைக் குறை சொல்லவில்லை, பல இடங்களில் துறையைத் தாங்குவதே அவர்கள்தான். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவரிடம் ஐந்து வருடத் திட்டத்தோடு ஆய்வுக்கூடத்தை வளர்க்கச் சொல்வது நியாயமில்லை என்பதுதான் விஷயம். எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் நடக்கிற துறையாக இருந்தால் நல்லது.

'பிசிக்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்' போன்ற புதுப் பெயர்களில் வரும் பட்டங்களைப் பார்த்தால் ஒரு கேள்வி அவசியம். அரசு ஆசிரியர் பணிக்கு இது பி.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா? வாய்வார்த்தையாக "இருக்கு சார்" என்றால் போதாது, எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். இணைச் சான்று இல்லாமல் பணி நியமனத்தில் சிக்கியவர்கள் இங்கே உண்டு.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பற்றி ஒரு வரி. அது கல்லூரியை மொத்தமாக எடை போடுகிறது. வணிகவியலில் சிறந்த கல்லூரிக்குக் கிடைத்த ரேங்க் அதன் இயற்பியல் துறைக்கு எந்த விதத்திலும் சான்று ஆகாது.

பரோடாவுக்குப் போன சிதம்பரத்துக்காரர்

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வளர்ந்தது பரோடாவில். அங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தேசிய அறிவியல் திறனறித் தேர்வின் உதவித்தொகையும் வந்தது. அது அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு. மருத்துவத்தை விட்டுவிட்டு உள்ளூர் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் இந்திய இயற்பியலின் முதல் வரிசைப் பெயர்களில் அந்தப் பல்கலைக்கழகம் வராது. ஆனால் அந்தத் துறை சரியாக அப்போதுதான் தன் பாடத்திட்டத்தை மாற்றியிருந்தது. அமெரிக்காவின் 'பெர்க்லி இயற்பியல்' வரிசை நூல்களையும் ரிச்சர்ட் ஃபைன்மனின் விரிவுரை நூல்களையும் பாடமாக வைத்தது. 1971-ல் பட்டம் பெற்று அமெரிக்கா போய் இயற்பியலில் பிஎச்.டி., அப்புறம் உயிரியல் பக்கம் தாவல், 2009-ல் வேதியியல் நோபல். பெயரில்லாத ஊரில், பாடத்தை அக்கறையோடு வடிவமைத்த நாலு ஆசிரியர்கள் இருந்தால் போதும் என்பதற்கு இவர் சாட்சி.

இன்றைக்கு அந்த நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபைன்மன் விரிவுரைகள் இணையத்தில் இலவசம். சென்னை ஐ.ஐ.டி.யின் வி.பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியாக யூடியூபில் இருக்கின்றன. கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும், ஆனால் ஒரு வகுப்பு பார்த்தால் அடுத்ததைத் தேடிப் போவீர்கள். சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர் கேட்க வேண்டியது, இதையெல்லாம் கூட உட்கார்ந்து பார்க்க இரண்டு நண்பர்கள் இங்கே கிடைப்பார்களா என்பதைத்தான். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வந்த மாணவரின் பேச்சே வேறாக இருக்கும்.

பணம், வேலை, மொழி

வேலை பற்றிச் சுருக்கமாக. பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி பழைய பாதை. இஸ்ரோ, கல்பாக்கம், வானிலைத் துறை எல்லாம் பெரும்பாலும் முதுநிலைக்குப் பிறகு. பலருக்குத் தெரியாத பாதை ஒன்று மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுகிறவர் மருத்துவ இயற்பியலாளர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி இந்தப் பணிக்கு அடித்தளமே இயற்பியல் பட்டம்தான். பொறியியல் பட்டத்தோடு உள்ளே நுழைய முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கான எம்.எஸ்சி. இருக்கிறது.

பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவிகிதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு 'இன்ஸ்பயர்' உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. பொறியியல், மருத்துவம் போனால் கிடையாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் சேர்கிறவர்களின் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழக அரசே ஏற்கும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது.

மொழிதான் பெரிய சுவர். நீட் தமிழில் எழுதலாம், ஜே.இ.இ. மெயின் தமிழில் எழுதலாம். அடிப்படை அறிவியலுக்கான ஐ.ஏ.டி.யில் தமிழ் வினாத்தாள் இல்லை. தமிழ்வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதைக் கேட்டுப் போராட இங்கே எந்தக் கட்சியும் இல்லை. சுவர் ஒருநாள் இடியட்டும். அதுவரை பதினோராம் வகுப்பிலிருந்தே இயற்பியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது ஒன்றே வழி. சமன்பாடுகள் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை.

பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நுழைவுத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் ரிசல்ட்டுக்குப் பிறகு வருவதில்லை. பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாதங்களிலேயே திறந்து, பெரும்பாலும் ரிசல்ட் பரபரப்பு முடிவதற்குள் மூடியும் விடுகின்றன. கிராமத்துப் பிள்ளைக்கு இது தெரிய வருவது ஜூனில், எல்லாம் முடிந்த பிறகு. ஆகவே ஜனவரி பிறந்ததும் ஐ.ஏ.டி., நெஸ்ட், சென்னை கணிதவியல் கழகம் என்ற மூன்று பெயர்களையும் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த ஆண்டின் கடைசித் தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பொதுத்தேர்வு முடியும்வரை அழிக்க வேண்டாம்.